டெராஃபிளாப்ஸ் எண்ணை மட்டும் பார்த்து கிராபிக்ஸ் கார்ட் வாங்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060, ஆர்டிஎக்ஸ் 4060 ஆகிய இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளையும் ஒப்பிட்டு ஒரு அட்டவணை போட்டிருந்தீர்கள். 3060இன் கணிப்புத் திறன் 12.74 டெராஃபிளாப்ஸ் (ஒரு டெராஃபிளாப்ஸ் என்றால் செக்கனுக்கு ஒரு லட்சம் கோடி தசமக் கணக்கு), 4060இன் திறன் 15.11 டெராஃபிளாப்ஸ், ஆகவே 4060 சுமார் 19 வீதம் வேகமானது, யோசிக்காமல் அதையே வாங்கலாம் என்று முடித்திருந்தீர்கள். எண்கள் இரண்டும் சரி. அந்த முடிவு சரியில்லை, அதுவும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இந்தக் கார்டுகளை வைத்துச் செய்கிற வேலைக்கு அது பெரிய நட்டத்தில் கொண்டுபோய் விடும் என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் களுவாஞ்சிகுடியில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன். கூடவே, தெரிந்தவர்களுக்கு கம்பியூட்டர் பூட்டிக் கொடுப்பதும் உண்டு. உங்கள் பேப்பர் வந்து இரண்டு நாளுக்குள் மூன்று பேர் அந்தப் பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்துவிட்டார்கள். அதில் ஒருவர் மண்டூர்ப் பக்கத்து விவசாயி, வாவியைக் கடக்கிற குருமண்வெளிப் பாதைப் படகில் மோட்டார் சைக்கிளை ஏற்றிக்கொண்டு காலையிலேயே வந்திருந்தார். சட்டைப் பைக்குள் இருந்து நாலாக மடித்த பேப்பர் துண்டை எடுத்து மேசையில் விரித்தார். 15.11 என்ற எண்ணைச் சுற்றிப் பேனையால் ஒரு வட்டம் போட்டிருந்தது. "தம்பி, பேப்பர்லயே போட்டிருக்கு, இதத்தான் எடுக்கணும். பிழையானத எடுத்துட்டா மறுகா புள்ள என்னை ஏசும்" என்றார். மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், கடைசி வருட வேலைக்கு மட்டக்களப்புக் கோட்டையை முப்பரிமாணத்தில் செய்கிறாள். அந்த வேலைக்கு எது தேவை என்பது உங்கள் அட்டவணையில் இல்லை, அந்த வட்டத்துக்குள்ளும் இல்லை.

முதலில் அந்த எண் எப்படி வருகிறது என்று சொல்கிறேன், ஏனென்றால் அதை யாரும் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்வதில்லை, ஏதோ ஆய்வுகூடத்தில் கார்டை ஓடவிட்டு அளந்து எடுத்த எண் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு கல்குலேட்டர் இருந்தால் போதும். 4060இல் 3072 கூடா கோர்கள், அதாவது கணக்குப் போடுகிற சின்னச் சின்ன அலகுகள், இருக்கின்றன. ஒவ்வொரு கோரும் ஒரு துடிப்பில் ஒரு பெருக்கலையும் ஒரு கூட்டலையும் சேர்த்துச் செய்யும், அதை இரண்டு கணக்கு என்று எண்ணுகிறார்கள். பூஸ்ட் வேகம் 2460 மெகாஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 2.46 பில்லியன் துடிப்பு. 3072ஐ இரண்டால் பெருக்கி 2.46 ஆலும் பெருக்கினால் 15,114 வரும், அதை ஆயிரத்தால் பிரித்தால் 15.11 டெராஃபிளாப்ஸ். 3060க்கு 3584 கோர், 1777 மெகாஹேர்ட்ஸ், அதே கணக்குப் போட்டால் 12.74. அவ்வளவுதான். எல்லாக் கோரும் ஒரு துடிப்பும் சும்மா இருக்காமல், தேவையான டேட்டா எல்லாம் நேரத்துக்குக் கையில் கிடைத்து, கார்ட் சூடாகி வேகம் குறையாமல் ஓடினால் வரக்கூடிய உச்சம் அது. உண்மையான வேலை ஒன்றிலும் அப்படி நடப்பதில்லை.

இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் ஆளைத் தப்பான வழியில் கொண்டுபோகும் என்பதற்கு என்விடியாவின் பழைய கார்டையே எடுங்கள். 2019 ஜனவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 2060இல் 1920 கோர், 1680 மெகாஹேர்ட்ஸ், பெருக்கிப் பார்த்தால் 6.45 டெராஃபிளாப்ஸ். 2021 பெப்ரவரியில் வந்த 3060 அதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அப்போ கேமும் இரண்டு மடங்கு வேகமாக ஓடியிருக்க வேண்டுமே? ஓடவில்லை. நூற்றுக்கு இருபது அளவில்தான் கூடியது. காரணம், 3060இன் தலைமுறையில் கோர்களை எண்ணும் விதமே மாறிவிட்டது. முன்பு முழு எண் கணக்குக்கென்று தனியாக வைத்திருந்த பாதையைத் தசமக் கணக்கும் செய்யக்கூடியதாக மாற்றி, அதையும் கோர் என்று சேர்த்து எண்ணினார்கள். முழு எண் கணக்கு வருகிற நேரம் அந்தப் பாதி அதற்குப் போய்விடும்.

என்விடியாவின் போட்டிக் கொம்பனி ஏஎம்டி பக்கமும் இதே கதைதான். ஆர்எக்ஸ் 6650 எக்ஸ்டி 10.8 டெராஃபிளாப்ஸ், அடுத்த தலைமுறை ஆர்எக்ஸ் 7600 கார்ட் 21.75. இரண்டிலும் இருப்பது 2048 கோர், வேகமும் ஏறக்குறைய ஒன்று. புதியதில் ஒரு துடிப்பில் இரண்டு கட்டளையைச் சேர்த்து அனுப்பலாம் என்ற ஒரு வசதி வந்ததால் எண் இரட்டிப்பானது, அந்த வசதியை உண்மையான புரோகிராம்கள் எப்போதாவதுதான் முழுதாகப் பயன்படுத்த முடியும், அதனால் கேமில் சொற்ப அளவே வித்தியாசம். உங்கள் முறைப்படி அட்டவணை போட்டால் 21.75 உள்ள 7600, 15.11 உள்ள 4060ஐவிட 44 வீதம் வேகம் என்று வரும். சாதாரண கேமில் இரண்டும் கிட்டக்கிட்டத்தான் நிற்கும். ஆகவே ஒரு கொம்பனியின் ஒரு தலைமுறைக்குள் மட்டும் இந்த எண்ணை ஓரளவு நம்பலாம், அதைத் தாண்டினால் நம்பக்கூடாது.

சரி, 3060க்கும் 4060க்கும் கோர் எண்ணும் விதம் ஒன்றுதானே, அப்போ 19 வீதம் சரிதானே என்று நீங்கள் கேட்கலாம். 1080பி திரையில் கேம் விளையாடுகிறவருக்கு ஏறக்குறைய சரி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு கார்ட் வேலை செய்வதற்குக் கோர் மட்டும் போதாது. இதை அந்த மண்டூர் அண்ணனுக்கு நான் விளங்கப்படுத்தியது அவருடைய வட்டையை, அதாவது வயலை, வைத்துத்தான், அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

வட்டைக்குள் நெல் வெட்டுகிற மெஷின் இறங்கினால் அதன் சொந்தத் தொட்டி நிறையும் வரைதான் அது வெட்டும். நிறைந்ததும் வரம்போரம் வந்து ட்ரக்டர் பெட்டிக்குள் கொட்ட வேண்டும். ட்ரக்டர் வரப் பிந்தினால், எவ்வளவு பெரிய மெஷினாக இருந்தாலும் சும்மாதான் நிற்கும், மணித்தியாலக் கூலி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். கோர் எத்தனை, என்ன வேகம் என்பது மெஷின். மெமரி பேண்ட்வித் என்பது ட்ரக்டர் போய் வருகிற பாதை. 3060இன் மெமரிப் பாதை 192 பிட் அகலம், ஒவ்வொரு பிட்டிலும் செக்கனுக்கு 15 ஜிகாபிட். பெருக்கி எட்டால் பிரித்தால் செக்கனுக்கு 360 ஜிபி. 4060இன் பாதை 128 பிட்தான், 17 ஜிகாபிட், கணக்குப் போட்டால் 272 ஜிபி. புதிய கார்டின் பாதை பழையதைவிட 24 வீதம் குறைவு. இந்த வரி உங்கள் அட்டவணையில் இல்லை.

என்விடியா இதைத் தெரியாமல் செய்யவில்லை. பாதையை ஒடுக்கியதற்குப் பதிலாக மெஷினின் தொட்டியைப் பெரிதாக்கினார்கள். கோர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிற எல்2 கேஷ் 3060இல் 3 எம்பி, 4060இல் 24 எம்பி. எட்டு மடங்கு. தொட்டி பெரிதானால் ட்ரக்டரை அடிக்கடி கூப்பிடத் தேவையில்லை, அதனால்தான் 1080பியில் ஒடுக்கமான பாதையோடும் 4060 முன்னுக்கு நிற்கிறது. கெட்டிக்காரத்தனமான வேலை, அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் திரையின் அளவு 1440பி, 4K என்று பெருக்கப் பெருக்க அந்தத் தொட்டி போதாமல் போய், ஒடுக்கமான பாதை காலை இழுக்கத் தொடங்கும். இதற்காக, பாதை அகலத்தை மட்டும் பார்த்து ஒரு கார்டை ஒதுக்கவும் கூடாது. 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5060இலும் அதே 128 பிட்தான், ஆனால் ஜிடிடிஆர்7 மெமரி 28 ஜிகாபிட்டில் ஓடுவதால் செக்கனுக்கு 448 ஜிபி வருகிறது. அகலத்தையும் வேகத்தையும் பெருக்கி வருகிற விடையைத்தான் பார்க்க வேண்டும்.

இப்போ களத்துக்கு வருவோம். கொண்டுவந்த நெல்லைக் கொட்ட இடம் வேண்டும், அதுதான் வீடியோ மெமரி. 3060இல் 12 ஜிபி, 4060இல் 8 ஜிபி. அந்தப் பிள்ளையின் வேலை இங்கேதான் அடிபட்டுப் போகும்.

அண்ணன் போனில் மகளைக் கூப்பிட்டுத் தந்தார், நான் கேட்டேன், என்ன மென்பொருள், எத்தனை டெக்ஸ்சர் (உருவத்தின் மேல் ஒட்டுகிற படம்), என்ன அளவு என்று. பிளெண்டர், 4K டெக்ஸ்சர், இப்போதைக்கு எழுபது இருக்கும், முடிகிற நேரம் நூற்றுக்கு மேல் போகும் என்றாள். கோட்டைச் சுவரையும் கொத்தளத்தையும் தன் போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, அந்தப் படங்களில் இருந்தே கல்லின் தோற்றத்தை எடுத்திருக்கிறாள். 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, பத்து வருசத்தில் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை, கடலோரக் காற்றில் ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு விதமாகக் கரைந்து போயிருக்கிறது, அதை அப்படியே காட்ட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. நான் போனிலேயே கணக்குப் போட்டுச் சொன்னேன். 4K டெக்ஸ்சர் என்றால் 4096க்கு 4096 புள்ளி, ஒரு புள்ளிக்கு நாலு பைட், ஒரு டெக்ஸ்சர் 64 எம்பி. ஹார்ட்டிஸ்க்கில் அந்த ஜேபெக் 5 எம்பியாக இருக்கலாம், கார்டுக்குள் போகும்போது விரிந்து 64 எம்பிதான். நூறு டெக்ஸ்சர் 6400 எம்பி. அதற்கு மேல் கோட்டையின் வடிவம், வெளிச்சக் கணக்கு, திரைக்கு விண்டோஸ் எடுக்கிற பங்கு. 8 ஜிபி நிறைந்துவிடும். மகள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப 12 ஜிபி உள்ளதுதான் வேணும் அண்ணா" என்றாள்.

களம் நிறைந்தால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் கொஞ்சம் மெதுவாக ஓடும், பரவாயில்லை என்று நினைக்கிறார்கள். ஒன்றில் மெமரி போதாது என்று சொல்லி வேலை நின்றுவிடும். இல்லாவிட்டால் மிச்சத்தைக் கம்பியூட்டரின் சாதாரண ரேமுக்குள் வைத்து, பிசிஐஇ, அதாவது கார்டை மதர்போர்டோடு சேர்க்கிற இணைப்பு, வழியாக எடுத்து எடுத்து ஓடும், அது பக்கத்து ஊர்க் களத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு ஒவ்வொரு மூட்டையாகக் கொண்டுவருகிற மாதிரி. இந்த இடத்தில் அட்டவணையில் சொல்லாத இன்னொரு விசயம் இருக்கிறது. 3060க்குப் பிசிஐஇ பாதை 16 லேன் (ஓடுதடம்), 4060க்கு 8 லேன் மட்டும். புது மதர்போர்டில், பிசிஐஇ 4.0 இருந்தால், 8 லேன் என்றாலும் செக்கனுக்கு 16 ஜிபி அளவில் போகும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளிடம் இருப்பது புது மதர்போர்டா? நான் பூட்டித் திருத்துகிறவற்றில் பாதிக்கு மேல் இன்டெல் எட்டாம், ஒன்பதாம், பத்தாம் தலைமுறை, அல்லது ஏஎம்டியின் பி450 போர்ட். எல்லாம் பிசிஐஇ 3.0. அதில் 4060ஐக் கொண்டுபோய்ப் பூட்டினால் அந்தப் பாதை 8 ஜிபியாகச் சுருங்கிவிடும், அதே போர்டில் 3060க்கு 16 ஜிபி கிடைக்கும். மெமரி நிறையாத வரை இதில் பெரிய வித்தியாசம் தெரியாது. நிறைந்த பிறகு நன்றாகத் தெரியும்.

எனக்கு இது சொந்த அனுபவம். 2023 தொடக்கத்தில், டொலர் ஏறி, சாமானும் வராமல் ஒரு வருசம் பழைய கார்டோடு மல்லுக்கட்டிய பிறகு, ஒரு கல்யாண சீசன் முழுக்கச் சேர்த்த காசில் கொழும்புக் கடை ஒன்றில் 3060 ஒன்று சொல்லி எடுத்தேன். போனில் கதைத்துக் காசை வங்கியில் போட்டேன், பஸ்ஸில் பார்சல் வந்தது. பெட்டியின் முன்பக்கம் பெரிதாக ஆர்டிஎக்ஸ் 3060 என்று இருந்தது, கீழ் மூலையில் சிறிதாக 8 ஜிபி. 3060 என்றாலே 12 ஜிபிதான் என்று நான் நினைத்திருந்தேன், ஏனென்றால் 2021இல் வந்தது அதுதான். 2022 கடைசியில் அதே பெயரில் 8 ஜிபி கார்ட் ஒன்றை விட்டிருந்தார்கள், பாதையும் 192இல் இருந்து 128 பிட்டுக்கு, பேண்ட்வித் 360இல் இருந்து 240க்கு இறங்கியிருந்தது. கடைக்கு போன் எடுத்துக் கேட்டேன். "அதே கார்ட்தான் சேர், டெராஃபிளாப்ஸ் பாருங்க, ரெண்டுக்கும் 12.7தான்" என்று சொன்னார்கள். அவர்கள் சொன்னது உண்மை. கோரும் வேகமும் ஒன்று என்பதால் கணக்குப் போட்டால் அதே 12.74தான் வரும், உங்கள் அட்டவணையில் போட்டால் இரண்டும் சமம் என்றுதான் நிற்கும். கேமிலேயே பார்த்தால் தெரியும் அளவுக்கு 8 ஜிபி கார்ட் பின்னுக்கு நிற்கும்.

எனக்கு அது கேமில் தெரியவில்லை, நான் கேம் விளையாடுவதில்லை. செட்டிபாளையத்தில் நடந்த ஒரு கல்யாணம், மூன்று கமராவில் 4K, டாவின்சி ரிசோல்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் கலர் பார்த்துக்கொண்டிருந்தேன். தாலி கட்டுகிற இடம், மணவறையில் மஞ்சள் பல்ப் வெளிச்சம், மணமகளின் முகத்தை மட்டும் தனியாகப் பிரித்துக் கொஞ்சம் வெளிச்சம் கூட்ட வேண்டும், அதற்கு ஐந்தாவது நோட், அதாவது கலர் திருத்தத்தின் ஒரு படி, போட்டேன். திரையில் ஜிபியூ மெமரி நிறைந்துவிட்டது என்று பெட்டி ஒன்று வந்து நின்றது. மூடினேன், திரும்ப வந்தது. அடுத்த நாள் வீட்டுக்காரர்களுக்கு வீடியோ கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை வெளிநாட்டுக்குத் திரும்பிப் போகிறார். இரவு இரண்டு மணிக்கு டைம்லைனை 1080பிக்கு இறக்கி, போட்ட நோட்டுகளைக் கழற்றி, இருந்த மாதிரி ரெண்டர் போட்டுக் கொடுத்தேன். அந்த முகத்தில் வெளிச்சம் இல்லாமலே அந்த வீடியோ போய்விட்டது. அந்தக் குடும்பம் ஒன்றும் சொல்லவில்லை, பாராட்டித்தான் காசு தந்தார்கள். எனக்கு இன்றைக்கும் அது மனதில் கிடக்கிறது. கார்டை ஆறு மாதத்தில் நட்டத்துக்கு விற்றுவிட்டு 12 ஜிபிக்கு மாறினேன்.

ஒரே பெயரில் இரண்டு சாமான் விற்பது இதற்கு முன்பும் நடந்திருக்கிறது. 2017இல் ஜிடி 1030 என்று ஒன்று வந்தது, ஜிடிடிஆர்5 மெமரி, செக்கனுக்கு 48 ஜிபி. அடுத்த வருசம் அதே பெயரில், அதே 384 கோரோடு, டிடிஆர்4 மெமரி போட்டு விட்டார்கள், 16.8 ஜிபி. மூன்றில் ஒரு பங்கு. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 580 என்றால் 2304 கோர், ஆனால் சீனச் சந்தைக்கென்று 2018இல் விட்ட 2048 கோர் உள்ளதும் 580 என்ற பெயரிலேயே உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. அது உண்மையில் 570. வாங்கினவர்கள் ஜிபியூ-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் கோர் எத்தனை, பஸ் (மெமரிப் பாதை) அகலம் எத்தனை பிட், பேண்ட்வித் எவ்வளவு என்று ஒரே திரையில் காட்டும். கடையிலேயே ஓடவிட்டுப் பார்த்துத்தான் காசு கொடுக்க வேண்டும். இதை உங்கள் பக்கத்தில் ஒரு மூலையில் போட்டாலே எத்தனையோ பேருக்கு உதவும்.

4060ஐ நான் குறை சொல்லவே எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். 3060க்கு 170 வாட், 4060க்கு 115 வாட், 55 வாட் வித்தியாசம். ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலம் முழு வேலை கொடுத்தால் மாதம் பத்து யூனிட் மிச்சம், எங்கள் கரண்ட் பில் கட்டம் கட்டமாக ஏறுகிற பில், ஒரு வீட்டை அடுத்த கட்டத்துக்குப் போகாமல் பிடித்து வைக்க அந்தப் பத்து யூனிட் போதும். பங்குனி, சித்திரையில் தகரக் கூரைக்குக் கீழே வேலை செய்கிறவருக்கு 55 வாட் சூடு குறைவது சின்ன விசயம் இல்லை. யூபிஎஸ்ஸும் கொஞ்சம் கூட நேரம் தாங்கும். ஏவி1 என்ற சுருக்க முறையில் வீடியோவை 4060 தானே என்கோட் பண்ணும், 3060 ஏவி1ஐப் பார்க்க மட்டும்தான் உதவும். யூடியூபுக்கு லைவ் போடுகிற பொடியன்களுக்கு இது நல்ல வசதி. கேமில் இடையிடையே பிரேம்களைத் தானே உருவாக்கிச் சேர்க்கிற டிஎல்எஸ்எஸ் 3இன் பிரேம் ஜெனரேஷனும் 3060இல் இல்லை. வந்த விலையும் 4060 299 டொலர், 3060 329 டொலர். 1080பியில் கேம் விளையாடவும் லைவ் போடவும் மட்டும் என்று ஒருவர் வந்தால் நானே 4060தான் எடுக்கச் சொல்வேன், அன்றைக்கு வந்த மூன்று பேரில் ஒரு தம்பி, கல்முனைக்காரன், அவனுக்கு அதைத்தான் சொன்னேன். புதுக் கார்ட், வாரண்டியும் இருக்கிறது.

12 ஜிபி 3060 இப்போது பெரும்பாலும் பாவித்ததுதான் கிடைக்கும், அதில் வேறு தலையிடி. 2021இல் எத்தனையோ கார்ட் இதீரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தைக் கணக்குப் போட்டுச் சம்பாதிக்கிற மைனிங்குக்கு இரவு பகலாக ஓடியது, 2022 செப்டம்பர் 15இல் இதீரியம் அந்த முறையையே கைவிட்ட பிறகு அவை சந்தைக்கு வந்தன. காற்றாடி சத்தம் போடுகிறதா, அரை மணித்தியாலம் முழு வேலை கொடுத்தால் சூடு எங்கே போய் நிற்கிறது, பிசிஐஇ முனையில் உப்புக் காற்றுப் பட்டுப் பச்சை பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் ஓடிய கார்டுகளில் அந்தப் பச்சையை நான் கண்டிருக்கிறேன். மண்டூர் அண்ணனுக்கு அப்படி ஒன்றை நானே ஏறாவூர் வரைக்கும் கூடப் போய், இரண்டு மணித்தியாலம் ஓடவிட்டுப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். அவர் அவ்வளவு நேரமும் அந்தப் பேப்பர் துண்டை விரித்துக் கையில்தான் வைத்திருந்தார், கார்டின் பெட்டியில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் அதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேப்பரில் வந்தது என்றால் எங்கள் ஆட்களுக்கு அது அவ்வளவு பெரிய விசயம், ஆசிரியர் அவர்களே. இங்கிலீஷில் ஆயிரம் பேர் அளந்து எழுதியிருக்கிறார்கள், அதைத் தேடி வாசிக்கிறவர் இந்தப் பக்கம் கொஞ்சப் பேர்தான். தமிழில் அச்சில் வருவது உங்கள் பக்கம். அதனால்தான் கேட்கிறேன், இனி கார்டுகளை ஒப்பிட்டுப் போடுகிற நேரம் டெராஃபிளாப்ஸ் வரிக்குக் கீழே வீடியோ மெமரி எத்தனை ஜிபி, பஸ் எத்தனை பிட், பேண்ட்வித் எவ்வளவு, பிசிஐஇ எத்தனை லேன், எத்தனை வாட் என்ற ஐந்து வரியையும் போடுங்கள். கடைசியில் ஒரு கார்டுக்கு மாலை போடுவதற்குப் பதிலாக, கேமுக்கு எது, எடிட்டிங்குக்கு எது, பிளெண்டருக்கு எது என்று பிரித்துச் சொல்லுங்கள். உங்கள் பேப்பரில் வருகிற கம்பியூட்டர்க் கடை விளம்பரங்களிலும் வெறுமனே 3060 என்று போடாமல் 8 ஜிபியா 12 ஜிபியா என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள், விளம்பரம் எடுக்கிற உங்களால்தான் அதைக் கேட்க முடியும்.

திருத்தம் போடுவதாக இருந்தால் தயவுசெய்து வருகிற ஞாயிறே போடுங்கள். பெரும்போக நெல் விற்ற காசு இந்த மாதம்தான் கையில் இருக்கிறது, எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்குக் கார்ட் வாங்குகிறவர்கள் இந்த மாதம்தான் வாங்குவார்கள்.

இப்படிக்கு,
வீடியோ எடிட் செய்யும் வாசகர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி.